சுழியோடல்: மன்னார்க் கடலிலிருந்து ஸ்கீவ நீச்சல் மண்டபம் வரை

ஸ்கீவ போன்ற சிறிய நகரத்தில் மழையும் இருட்டும் தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்குப் போக்கிடம் குறைவு. உதைபந்தாட்டம், பட்மின்டன், நடனம், வார இறுதியில் தமிழ் வகுப்பு. இதற்கு வெளியே எங்கள் வீடுகளில் சில காலமாக ஒரு புதுச்சொல் புழங்குகிறது: டுக்னிங். தமிழில் சுழியோடல். வகுப்புத் தோழனோடு நீச்சல் மண்டபத்துக்குப் போன பிள்ளை, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தடாகத்தின் அடியில் இருந்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அதைப்பற்றியே பேசுகிறது. டெனிஷ் கழகங்கள் இதைப் 'புறூவடுக்' என்பார்கள். சேருவதற்கு முன் ஒருமுறை செய்து பார்க்கும் ஒத்திகை.

எங்கள் வீட்டில் இதற்கு முதலில் வாய் திறந்தவர் அம்மம்மா. "கடலுக்குள்ளை இறங்கிறதுக்கு அங்கை என்ன பிள்ளை அலுவல்?" என்றார். அவர் பிறந்து வளர்ந்தது கடற்கரை ஊரில். அவருக்கே கடல் அப்படி ஆகிவிட்டது. 2004 மார்கழியின் சுனாமி, அதற்கு முன்னரும் பின்னரும் கடற்படை, தடைவலயம், இரவுப் படகு. எங்களில் பலருக்குக் கடல் என்றால் நினைவு வருவது இவைதான். பிள்ளைகளுக்கு அது வெறும் நீர். இந்த இடைவெளியை ஓரளவாவது நிரப்பத்தான், மனிதர் எப்படி நீருக்கடியில் மூச்செடுத்துப் போகத் தொடங்கினார்கள், அதில் எங்கள் கடல்களுக்கு என்ன பங்கு என்பதை இங்கே திரட்டித் தருகிறோம்.

சிலிண்டர் வருவதற்கு முன்பே சுழியோடியவர்கள் நாங்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பண்டைய கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களும் அறிந்திருந்தார்கள். முறை எளிமையானது. கனமான கல்லில் ஒரு கயிறு, சிப்பி அள்ளும் கூடையில் இன்னொரு கயிறு. கல்லில் காலை வைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். ஒரு நிமிடம் வரை, கெட்டிக்காரர் இன்னும் சற்றுக் கூடுதலாக நிற்பார். கயிற்றை இழுத்துச் சைகை தர, மேலே நிற்பவர் தூக்கிவிடுவார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்று தென்தமிழ்க் கரையில் ஒரு வழக்கு உண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் கைதவறாது பிடிப்பான் என்ற கணக்கு. இன்று உலகமெங்கும் சுழியோடிகளுக்கு முதற்பாடமாகச் சொல்வது, தனியே இறங்காதே, உன் துணையைப் பார்வையிலிருந்து விடாதே என்பதுதான். டெனிஷ் பயிற்றுநர் இதைச் சொல்லும்போது மச்சான் கதையைப் பிள்ளை அவருக்குச் சொல்லலாம்.

சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர் ஒருவரும் முத்துக்குளிப்பில் இருந்தார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். அவர் கரையில் இல்லாவிட்டால் குளிகாரர் கடலில் இறங்கமாட்டார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அரிப்புக் கரையில் கட்டிய மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்கிறார்கள். அந்தச் சிதைவு கடலரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருக்கிறது. 1905இல் மரிச்சுக்கட்டிப் பக்கம் நடந்த குளிப்பில் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆளில்லாக் கரையில் சில வாரங்களுக்கு ஒரு பெருநகரமே முளைத்தது. தமிழர், முஸ்லிம்கள், அரபிகள் என்று ஆயிரக்கணக்கில் குளிகாரர். அடுத்த ஆண்டு பார்களை ஒரு பிரித்தானியக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அதன்பின் சிப்பி பழையபடி விளையவில்லை.

சங்கு குளித்தலும் இதே கடலின் தொழில்தான். எங்கள் கடற்சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே மணமான பெண்களின் கைவளையானது. முத்துப் பார்கள் பொய்த்த பின்னும் சங்குகுளிப்பு நின்றுவிடவில்லை.

இவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கி இறங்கியவர்கள். மூச்சைக் கையோடு கொண்டுபோகும் முயற்சி ஐரோப்பாவில் நெடுநாளாக நடந்துகொண்டிருந்தது. செப்புத் தலைக்கவசமும் மேலிருந்து காற்றுத் தரும் குழாயும் சேர்ந்த உடையை 1830களில் ஓகஸ்ட் சீபெ இலண்டனில் செய்தார். துறைமுகங்களில் அது நூறாண்டுக்கு மேல் ஓடியது. ஆனால் அதை அணிந்தவர் குழாயின் நீளத்துக்குள் கட்டுண்ட மனிதர். காலில் ஈயச் சப்பாத்து வேறு.

கட்டை அவிழ்த்தவரின் கதை ஒரு வீதி விபத்தில் தொடங்குகிறது. ஜாக் கூஸ்தோ பிரெஞ்சுக் கடற்படையில் விமானியாக வர விரும்பியவர். 1936இல் நடந்த கார் விபத்தில் கைகள் நொருங்கின. விமானம் கனவாய்ப் போயிற்று. கையைத் தேற்ற துலோன் கரையில் நீந்தினார். அங்கே பிலிப் தையே என்ற நண்பர் நீருக்குள் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். தலையைத் தாழ்த்திப் பார்த்த அந்தக் கணத்தில் தன் வாழ்க்கை மாறிவிட்டது என்று கூஸ்தோ பின்னர் எழுதினார். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் இப்படித்தான் சுழியோடலுக்கு வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு கண்ணாடியை நீட்டுகிறார்.

இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் ஜேர்மனியர் வசம் இருந்தது. பெற்றோல் இல்லை. எரிவாயுவில் கார் ஓட்ட, வாயுவை வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் விடும் வால்வு ஒன்றை எமில் கன்யான் என்ற பொறியியலாளர் வடிவமைத்திருந்தார். அவர் வேலை செய்த ஏர் லிக்கீட் நிறுவனத்தில் கூஸ்தோவின் மாமனார் பெரிய பதவியில் இருந்தார். மாமனார் வழியாக இருவரும் சந்தித்தார்கள். சிலிண்டரில் அமுக்கி அடைத்த காற்றை, சுழியோடி மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமனாக்கிக் கொடுக்கவேண்டும். கன்யானின் வால்வு அதைச் செய்தது. பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதற் சோதனை. படுத்து நீந்தும்போது நன்றாக வேலை செய்தது; நிமிர்ந்தால் காற்று வீணே பொங்கி வெளியேறியது, தலைகீழானால் மூச்சிழுக்கக் கடினம். மூச்சு வெளியேறும் வாயும் உள்ளே வரும் வால்வும் வேறுவேறு உயரத்தில் இருந்ததுதான் பிழை. இரண்டையும் அருகருகே வைத்தார்கள். 1943 ஆனியில் பந்தோல் என்ற சிற்றூரின் கரையில் கூஸ்தோ இறங்கினார். மேலே அவரது மனைவி சிமோன் முகம் கவிழ்ந்து நீந்தியபடி கணவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். இங்கே கயிறு இல்லை. ஆனாலும் மேலே ஒருவர் நிற்கிறார்.

போர் முடிந்ததும் இந்தக் கருவி கடைக்கு வந்தது. கூஸ்தோவின் நூல் 1953இலும், கேன்ஸில் உயர்விருது வென்ற திரைப்படம் 1956இலும் வெளியாகின. நாடு நாடாகக் கழகங்கள் தோன்றின. பிரித்தானியக் கழகம் 1953இல், உலகச் சம்மேளனமான சீ.எம்.ஏ.எஸ். 1959இல். டென்மார்க்கில் கடற்படையின் தவளைமனிதர் படை 1957இல் அமைக்கப்பட்டது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் சம்மேளனம் 1965இல். இன்றைய மன்னர் பிரெடரிக், இளவரசராக இருந்தபோது 1995இல் அந்தத் தவளைமனிதர் பயிற்சியை முடித்தவர். உடைக்குள் நீர் புகுந்து பென்குயின் போல வழுக்கிக்கொண்டு போனதால் 'பிங்கோ' என்ற பட்டப்பெயர் அவருக்கு அங்கே விழுந்தது. டெனிஷ்காரரோடு பேச்சைத் தொடங்க நல்ல கதை.

இலங்கைக்குச் சிலிண்டர் வந்த கதைக்கு நாம் திருகோணமலைக்குப் போகவேண்டும். அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்த்தர் சி. கிளார்க் 1954இல் அவுஸ்திரேலியப் பவளப்பாறைக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். தெகிவளை மிருகக்காட்சிசாலையில் பணிபுரிந்த ரொட்னி ஜொங்க்ளஸ் என்ற பறங்கியரை அப்போது சந்தித்தார். ஜொங்க்ளஸ் சிலிண்டர் இல்லாமலே ஆழம் போகும் மனிதர், கடலுயிர்களை அறிந்தவர். அவர் சொன்ன கடற்கதைகள் கிளார்க்கைத் திரும்ப இழுத்தன. 1956இல் வந்தவர், 2008இல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார். விண்வெளியைப் பற்றி எழுதியவருக்குச் சுழியோடலில் என்ன ஈர்ப்பு என்றால், உடல் பாரமிழந்து மிதக்கும் அனுபவம் பூமியில் கிடைக்கும் ஒரே இடம் நீருக்கடி என்பதுதான். போலியோ தாக்கி நடக்கச் சிரமப்பட்ட பிற்காலத்திலும் அவர் கடலை விடவில்லை.

அவருடன் வந்த மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர் எங்களுக்கு இன்னும் முக்கியமானவர். 1956இல் திருகோணமலை சுவாமிமலையின் செங்குத்துப் பாறைக்குக் கீழே அவர்கள் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். பாறையிலிருந்து கடலில் தள்ளியவையும் ஏராளம். முந்நூறு ஆண்டுக்கு மேல் யாரும் பார்க்காத அந்தத் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டவர்கள் இவர்கள். வில்சன் ஒரு லிங்கத்தையும் கண்டெடுத்தார். அது மேலே கொண்டுவரப்பட்டுக் கோயிலில் வைக்கப்பட்டது. 1950இல் கிணறு வெட்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்ததும், பிறகு கடலிலிருந்து லிங்கம் வந்ததும் சேர்ந்து, 1963இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலுக்குப் பெரும் உந்துதலாயின. கிளார்க் அடுத்த ஆண்டே இதை நூலாக எழுதினார்.

வில்சன் அதோடு நிற்கவில்லை. 1961இல் தென்கடலின் பெரிய பாஸ் பாறையருகே, இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் இறங்கியபோது ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. சூரத்தில் அச்சிட்டவை, ஹிஜ்ரி 1113, அதாவது 1702 அளவில். மறு ஆண்டு 'ரன்முத்து துவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். முழுநீளத்தில் வண்ணத்தில் வந்த முதற் சிங்களப் படம், நீருக்கடிக் காட்சிகளோடு. கடைசியில் எல்லாவற்றையும் துறந்து சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு கதிர்காமத்து முருகனடியாரானார். கடலில் லிங்கம் கண்டவர் காவி உடுத்தது தற்செயலா என்று அம்மம்மாவிடம் கேட்டால் அவருக்குச் சந்தேகமேயில்லை.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்தவர்களின் கதை. எங்கள் கடற்றொழிலாளருக்குச் சிலிண்டர் வந்தது கடலட்டைக்காகவும் சங்குக்காகவும். சீனச் சந்தையில் கடலட்டைக்கு விலை ஏற, கரையோரத்தில் கையால் பொறுக்கக் கிடைத்தது தீர்ந்து ஆழத்துக்குப் போகவேண்டி வந்தது. இங்கேதான் ஒரு விடயத்தை நிறுத்திச் சொல்லவேண்டும். மேலே ஒரு மூச்சு இழுத்து அடக்கி இறங்குபவருக்கும், அடியில் சிலிண்டர் காற்றை மூச்செடுப்பவருக்கும் உடலில் நடப்பது வேறு.

நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 10 மீற்றரில் நெஞ்சில் இருக்கும் காற்று மேலே இருப்பதைவிட இருமடங்கு அமுக்கத்தில் இருக்கும். மேலே இழுத்த மூச்சை அடக்கிப் போய் வருபவரின் நுரையீரல், இறங்கும்போது சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஆனால் 10 மீற்றரில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இருமடங்காக விரியும். நுரையீரல் கிழியும். தலைமுறை தலைமுறையாக எங்கள் சுழியோடிகளைக் காப்பாற்றிய 'மூச்சை அடக்கு' என்ற பழக்கமே சிலிண்டரோடு எமனாகிறது. சிலிண்டர் சுழியோடலின் முதற் கட்டளை: ஒருபோதும் மூச்சை அடக்காதே.

இரண்டாவது ஆபத்து நைதரசன். ஆழத்தில் அமுக்கிய காற்றை நெடுநேரம் சுவாசிக்கையில் நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியே போய்விடும். விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளே குமிழியாகும். மூட்டில் என்றால் வலி, முள்ளந்தண்டில் என்றால் இடுப்புக்குக் கீழே இயங்காது. பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர் 1878இல் இதன் காரணத்தை விளக்கினார். 1908இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றால் எங்கெங்கே நின்று ஏறவேண்டும் என்ற அட்டவணையைத் தந்தார். இன்று சுழியோடியின் கையிலுள்ள சிறு கணினி அதன் பேரப்பிள்ளை.

எங்கள் கரைகளில் கடலட்டைக்கு இறங்கும் இளைஞர்களில் பலருக்கு அட்டவணையும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு சிலிண்டர் முடிய மற்றதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். மூட்டுவலியைக் கடற்குளிர் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போகிறார்கள். கால் விளங்காமற் போனவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. இதோடு வேறொரு பிணக்கும் சேர்ந்தது. 2018இல் வடமராட்சி கிழக்கில், வெளிமாவட்டத்தவர் வந்து இரவில் ஒளிபாய்ச்சிக் கடலட்டை பிடிக்கிறார்கள் என்று உள்ளூர்த் தொழிலாளர் போராடியதை நீங்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது உரிமைப் பிரச்சினை, அதை இங்கே தீர்க்கமுடியாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினருக்கு இயந்திரத்துக்கும் சிலிண்டருக்கும் காசு அனுப்பும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சிக்கும் ஒரு கைக்கணினிக்கும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பமுடியாவிட்டால் சிலிண்டருக்கும் அனுப்பாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இனி ஸ்கீவவுக்கு வருவோம். டென்மார்க்கில் எங்கு நின்றாலும் கடல் 52 கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை என்பார்கள். ஸ்கீவவுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது, லிம்பியோ என்ற பெயரில். ஒருகாலத்தில் அதன் மேற்கு வாய் மூடியிருந்தது. 1825 மாசியில் வீசிய புயல் மணற்திட்டை உடைத்து வடகடலை உள்ளே விட்டது. நீர் உவர்ப்பாகி, நன்னீர் மீன் மடிந்து, பின்னர் சிப்பி குடியேறியது. லிம்பியோச் சிப்பி இன்று விலையுயர்ந்த உணவகங்களின் பண்டம். அதைவிட முந்திய சிப்பியும் உண்டு. எங்களிடமிருந்து வடக்கே, லிம்பியோக் கரையில் எயர்ட்பொல்ல என்ற இடத்தில் 6000 ஆண்டுக்கு முந்திய மனிதர் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் சுமார் 140 மீற்றர் நீளத்துக்கு மேடாகக் கிடந்தன. அந்தக் கற்காலப் பண்பாட்டுக்கே அவ்வூரின் பெயர்தான். அதே பண்பாட்டினரின் குடியிருப்பு ஒன்று பியூன் தீவின் தீப்ரின்ட் குடாவில் நீருக்கடியில் கிடந்ததை 1970களில் வெளிக்கொணர உதவியவர்கள் பொழுதுபோக்குச் சுழியோடிகள். செதுக்கி வண்ணமிட்ட மரத் துடுப்புகள் அங்கே கிடைத்தன. கோணேசர் கடலில் நடந்தது போலவே.

ஆனால் லிம்பியோவில் பவளப்பாறையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சராசரி ஆழம் சுமார் 5 மீற்றர். கோடையில் வயலிலிருந்து வரும் உரச்சத்தால் பாசி பெருகி நீர் கலங்கும்; ஸ்கீவ பியோவில் அடிநீரில் ஒட்சிசன் தீர்ந்து உயிரினங்கள் மடிவதும் நடக்கிறது. அதனால் இங்கே பழகியவர்கள் தெளிவான நாளைக் காத்திருந்து இறங்குவார்கள், குளிருக்கு நீர்புகாத உலர் உடை அணிந்து. கலங்கல் நீரிலும் குளிரிலும் பழகியவருக்குத் திருகோணமலை விளையாட்டு என்று கழகத்தில் சொல்கிறார்கள். நம்புகிறோம்.

தொடங்குவது எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு. டெனிஷ் பாடசாலையில் பிள்ளை நீச்சல் பழகிவிடும், அதுவே அடித்தளம். கழகங்கள் குளிர்காலத்தில் நீச்சல் மண்டபத்தில் பயிற்றி, வெயில் வந்தபின் கடலுக்குக் கொண்டுபோகின்றன. கழகப் பயிற்சி தனியார் பாடத்தைவிட மெதுவானது. எங்களுக்கு அதுவே பிடித்திருக்கிறது. சர்வதேசப் பயிற்சி நிறுவனமான பாடியின் கனிஷ்ட சான்றிதழுக்கு 10 வயது போதும். 12 வயதுவரை 12 மீற்றருக்குக் கீழே போகமுடியாது. வளர்ந்தவருக்கு முதற் சான்றிதழில் எல்லை 18 மீற்றர். ஆஸ்மா, வலிப்பு, காதுச்சவ்வில் ஓட்டை, இதயநோய், இன்சுலின் எடுக்கும் நீரிழிவு இருந்தால் மறைக்கவேண்டாம். முதலில் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். தடிமனோடு இறங்கக்கூடாது. மூக்கடைத்தால் காதின் அமுக்கம் சமப்படாது, சில மீற்றரிலேயே செவிப்பறை நோகும்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆடி, ஆவணியில் தெற்கு ஹிக்கடுவப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்கு அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. ஆழமில்லாத பவளம், தொடக்கக்காரருக்கு ஏற்றது. பவளத்தில் கால் வைக்காதீர்கள், துண்டு எடுத்துவராதீர்கள். மட்டக்களப்புக்கு வெளியே 1942 சித்திரை 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. 307 பேர் அதில் இறந்தார்கள். அது தேர்ந்தவர்களுக்கான இடம். முதற் சான்றிதழோடு அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பயணச்சீட்டைப் பார்த்து நாளை அமையுங்கள். ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணித்தியாலம், பலமுறை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணித்தியாலம் கழித்தே விமானம் ஏறவேண்டும். விமானத்தில் அமுக்கம் குறையும்போது மிச்ச நைதரசன் குமிழியாகும். சுழியோடிய அன்று மூட்டுவலி, விறைப்பு, நடக்கத் தடுமாற்றம், விளக்கமில்லாக் களைப்பு இருந்தால் பொறுத்திருந்து பார்க்கவேண்டாம். டென்மார்க்கில் 112ஐ அழைத்து, சுழியோடினேன் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். கோபன்ஹேகன் றிக்ஸ்ஹொஸ்பிற்றலில் அமுக்க அறை இருக்கிறது. கிழக்கில் இறங்குபவர்கள், அருகிலுள்ள அமுக்க அறை எங்கே, எத்தனை மணித்தியாலத் தூரம் என்பதை இறங்குவதற்கு முன்பே பயிற்றுநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத பயிற்றுநரோடு இறங்கவேண்டாம்.